பின்பாரம்

"அண்ணை, உங்கட ஹைலக்ஸுக்கு என்ன செய்தனீங்கள், இவ்வளவு மூடை ஏத்தியும் பின்பக்கம் பதியவே இல்லை?" என்று பரந்தனில் வைத்து ஒரு தம்பி கேட்டான். போன மாசி, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு நெல் ஏற்றிக்கொண்டு நின்ற நேரம். அன்றைக்கு அவனுக்குப் பெருமையாகப் பதில் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னதில் பாதி பிழை என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் தம்பி இதைப் படிப்பானோ தெரியாது, ஆனால் அவனைப் போலக் கேட்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஒரு வரிசை இருக்கை மட்டும் உள்ள சிங்கிள் கப், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். வருடத்தில் பத்து மாதம் அதற்குப் பெரிய வேலை இல்லை. கோப்பாயிலிருந்து மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி, இடைக்கிடை உரம், ஆட்டுக்குப் புல், வீட்டுச் சாமான். அப்புறம் திடீரென்று வரும் பாரம். மாசியில் அத்தானின் வயலிலிருந்து எங்கள் பங்கு நெல் 40 மூடை, வெங்காயம் கிண்டினால் அது ஒரு பக்கம், யாராவது சொந்தக்காரர் வீடு கட்டினால் சீமெந்தும் மணலும் பனஞ்சலாகையும். இதற்காக ஒரு லொறி வாங்க முடியாது. அப்ப இருக்கிற பிக்கப்பையே அந்த நாலைந்து நாளுக்கு மட்டும் கொஞ்சம் பலமாக்க முடியாதா என்பதுதான் கேள்வி.

முடியும், முடியாது என்று சொல்ல முதல் ஒரு கணக்கு. இந்த வகைப் பிக்கப்பை எல்லோரும் ஒரு தொன் வாகனம் என்கிறோம். பதிவுப் புத்தகத்தை எடுத்தால் வெற்று நிறை, மொத்த நிறை என்று இரண்டு எண் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். அந்தப் பாரத்துக்குள் ஆட்களும் அடக்கம். இதைத்தான் எங்கள் ஊரில் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. முன்னுக்கு இரண்டு பேர், மூடைக்கு மேலே ஏறி இருந்து வருகிற இரண்டு பேர் என்று பார்த்தாலே கால் தொன் போய்விடுகிறது. பழைய ஆட்கள் இன்னும் அந்தர் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு அந்தர் 50.8 கிலோ, ஆக 20 அந்தர் ஏற்றினால் ஒரு தொன் தாண்டிவிட்டது, அதற்குப் பிறகு ஆள் ஏற இடமில்லை. நாங்கள் கட்டும் நெல் மூடை 65 கிலோ வரும். வழமையாக நான் 20 மூடை ஏற்றுவேன், அது 1,300 கிலோ. நாலு ஆட்களோடு 1,560. அளவை விட அரைத் தொன்னுக்கு மேல் கூட. பல வருடம் அப்படித்தான் ஓடினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை வாகனத்தின் பலம் என்று நினைத்துக்கொண்டேன்.

மணல் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, காய்ந்த மணல் என்றாலும் நாலரைத் தொன் வரும். கால் கியூப் போட்டால் பிக்கப்பின் பெட்டியில் பாதி கூட நிரம்பினதாகத் தெரியாது, ஆனால் ஒரு தொன் எப்போதோ தாண்டிவிட்டது. மழையில் நனைந்த மணல் என்றால் சொல்லவே வேண்டாம். கண்ணால் பார்த்துப் பாரம் மதிப்பிடுகிற பழக்கம் வைக்கோலுக்குச் சரி, மணலுக்குச் சரிவராது.

நான் செய்த முதல் வேலை எதுவென்றால், அதைச் சொல்லத்தான் வேண்டும், செசிக்கும் (வாகனத்தின் அடிச்சட்டம்) பின் அச்சுக்கும் இடையில் இரண்டு பக்கமும் முதிரைக் கட்டை வைத்து இறுக்கினது. வில்லு, அதாவது தகடு தகடாக அடுக்கின ஸ்பிரிங், பதிவதற்கு இடமே இல்லை, ஆகவே வாகனம் நேராக நின்றது, பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டையைக் கழற்றும்போது பார்த்தேன், கட்டையில் அச்சின் வளைவு அப்படியே அச்சடித்த மாதிரிப் பதிந்திருந்தது, ஒரு விரல் ஆழத்துக்கு. முதிரை எவ்வளவு வைரமான மரம் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒவ்வொரு குழியிலும் வில்லு வாங்கியிருக்க வேண்டிய இடி முழுவதும் அந்தக் கட்டை வழியாக நேரே செசிக்கும் அச்சுக் கூட்டுக்கும் போயிருக்கிறது. மரத்தில் பதிந்தது கண்ணுக்குத் தெரிந்தது, இரும்பில் என்ன நடந்தது என்று தெரியாது. லொறி ரயர் துண்டை வெட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது கட்டையை விடக் கொஞ்சம் மென்மை, ஆனால் கதை அதே கதைதான்.

அடுத்தது வில்லு. பின்பக்கம் வில்லில் ஒரு தகடு கூட்டுவது எங்கள் பக்கத்தில் சர்வ சாதாரணம். அதில் இரண்டு விதம் உண்டு. இருக்கிற அடுக்குக்குள்ளேயே இன்னொரு தகட்டைச் சொருகினால் அது எந்நேரமும் வேலை செய்யும். வெறும் வாகனம் ஓடும்போது பின்பக்கம் துள்ளும், மழை நேரம் வளைவில் பின்சில்லு பிடிப்பு விட்டுத் துள்ளுவதை உணரலாம். வருடத்தில் நாலு நாளுக்காக மிச்ச நாள் முழுக்க இடுப்பு நோக வேண்டியிருக்கும். மற்றது ஹெல்பர் ஸ்பிரிங், லொறிகளில் மேலே தனியாக ஒரு சின்ன வில்லு நிற்குமே, அது. வெறும் வாகனத்தில் எதையும் தொடாமல் சும்மா நிற்கும், பாரம் ஏறி வாகனம் பதிந்த பிறகுதான் தாங்கத் தொடங்கும். எப்போதாவது பாரம் ஏற்றுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் பொருத்தம். காசு கொஞ்சம் கூட, ஆனால் ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

வில்லு வேலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. பழைய தகட்டை நெருப்பில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருகிறோம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள், கொடுத்தேன். வளைவு நன்றாகத்தான் வந்தது, ஆனால் மூன்று மாதத்தில் பழையபடி தட்டையாகிவிட்டது. வில்லின் பலம் அந்த உருக்குக்கு முதலில் கொடுத்த பதத்தில் இருக்கிறது, சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும், பிறகு திரும்பவும் முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் ஒன்றில் மென்மையாகும் இல்லாவிட்டால் ஓடு மாதிரி உடையும். தகட்டை ஒட்டு வைப்பதும் அப்படித்தான், ஒருபோதும் வேண்டாம். தகடு உடைகிறதென்றால் பெரும்பாலும் நடுப் போல்ட் துளையில்தான் உடையும், அந்த இடம் வில்லை அச்சோடு இறுக்குகிற யூ போல்டுக்குள் மறைந்திருப்பதால் வெளியே தெரியாது. வில்லைக் கழற்றிப் பூட்டினால் முதல் பாரம் ஏற்றி ஓடிவந்த பிறகு யூ போல்ட் நட்டுகளைத் திரும்ப ஒருமுறை இறுக்குங்கள். நான் இறுக்கியபோது ஒவ்வொன்றும் அரைச் சுற்றுக்கு மேல் வந்தது.

ரயர் கதை ஆனையிறவில் நடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை, பகல் ஒரு மணி. பின் இடப்பக்கச் சில்லு வெடித்தது. நல்ல காலம், வேகம் 50க்குள் இருந்தது. மூடைகளுக்கு மேலே இருந்த இரண்டு பொடியன்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடிக்கும். பாரத்தோடு ஜக் வைத்தால் ஜக் மண்ணுக்குள் போகிறது, அதனால் எட்டு மூடையை றோட்டோரம் இறக்கி வைத்துத்தான் சில்லு மாற்றினோம்.

வெடித்த ரயரை வீட்டு முற்றத்தில் போட்டு அன்றைக்குத்தான் அதன் பக்கச் சுவரை முதன்முதலாக வாசித்தேன். எங்களுக்கு முதல் வாகனத்தை வைத்திருந்தவர் கார் ரயர் போட்டிருக்கிறார். அளவுக்குப் பிறகு 91 என்று ஒரு எண் இருந்தது. அந்த எண்தான் ரயர் தாங்கும் நிறைக்குக் குறியீடு, 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ, இரண்டு பின் ரயரும் சேர்ந்து 1,230. பின்பக்கத்தில் வாகனத்தின் சொந்த நிறையே 600 கிலோ அளவில் இருக்கும், அதற்கு மேல் நான் ஏற்றினது 1,300, இரண்டு பொடியன்களும். இப்படிப் பார்த்தால் அந்த ரயர் அத்தனை வருடம் வெடிக்காமல் இருந்ததுதான் புதினம். இப்போது போட்டிருப்பது 195ஆர்14சி, 8 பிளை. அந்தக் கடைசி சி எழுத்துதான் முக்கியம், வான், பிக்கப் போன்ற பாரம் தூக்குகிற வாகனங்களுக்கான ரயர் என்பதற்கு அடையாளம். அதில் 106/104 என்று இருக்கும். ஒற்றைச் சில்லாகப் போட்டால் 106ஐப் பார்க்க வேண்டும், அது 950 கிலோ, இரண்டும் சேர்ந்து 1,900. அதுவும் காற்றைச் சரியாக ஏற்றினால் மட்டும்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறும் வாகனத்துக்குப் பின்னால் 30 இறாத்தல் (பி.எஸ்.ஐ) அளவில் வைத்து ஓடுவோம், ஓட மென்மையாக இருக்கும். அதே காற்றோடு பாரம் ஏற்றினால் ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. முந்தி ஏ9, யாழ்ப்பாணம் கண்டி வீதி, குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் பாரத்தோடு முப்பதுக்கு மேல் ஒருவராலும் ஓட முடியாது, அதனால் ரயர் தப்பியது. இப்போது கார்ப்பெற் றோட்டு, மிதித்தால் எண்பதில் பறக்கும், பங்குனி வெயிலில் தார் கொதிக்கும். பாரம், வேகம், சூடு, குறைந்த காற்று நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஆனையிறவில் முடியும். பாரம் ஏற்றுகிற நாளில் கதவு நிலையில் ஒட்டியிருக்கிற தாளில் பாரத்துக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு, ரயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே காற்று ஏற்றுங்கள். இறக்கி முடிந்ததும் திரும்பக் குறையுங்கள். தற்காலிகமாகச் செய்யக்கூடியவற்றுள் மிக மலிவானது இதுதான், பத்து நிமிட வேலை.

பிறகு வந்தது சிட்னி மச்சானின் பரிசு. போன முறை வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான், இரண்டு ரப்பர்க் காற்றுப் பைகள், குழாய், தாங்கிகள் எல்லாம் உள்ளே. அங்கே பிக்கப் வைத்திருக்கிறவர்கள் இதைப் பரவலாகப் போடுகிறார்களாம். செசிக்கும் அச்சுக்கும் இடையில் வில்லுக்குப் பக்கத்தில் பூட்டுவது. பாரம் ஏற்றின பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி அடித்தால் பின்பக்கம் மெல்ல மெல்ல எழும்பி வாகனம் நேராகும். வெறுமையாக ஓடும்போது பை நசுங்கிக் கடிபடாமல் இருக்கக் கொஞ்சம் காற்று மட்டும் விட்டால் போதும், எங்களுடையதற்கு 5 இறாத்தல். பரந்தன் தம்பி பார்த்து வியந்தது இதைத்தான். உண்மையில் நல்ல பொருள்தான். வேண்டிய நாளில் மட்டும் வேலை செய்யும், மற்ற நாளில் வாகனம் பழைய மாதிரியே ஓடும். முன் லைற் எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்காமல் றோட்டில் விழும். எனக்கு வாகனத்தில் பிடித்த விடயங்களில் அது இன்றைக்கும் ஒன்று.

ஆனால் அதைப் பூட்டின அன்றைக்கு நெல்லோடு வரும்போது கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. பிறேக்கை மிதித்தேன். முன்பக்கம் முக்குளித்தது, வாகனம் நிற்கிற மாதிரி இல்லை, இழுத்துக்கொண்டே போய் மாட்டுக்கு நாலடி முன்னால் நின்றது. முந்தி கட்டை வைக்காமல் ஓடினபோது இதே பாரத்தோடு இப்படி இருந்ததில்லை.

சுன்னாகத்தில் எங்களுக்கு வழமையாக வேலை செய்கிற ஐயா ஒருவர் இருக்கிறார், எழுபது வயது தாண்டிவிட்டது, பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓடவைத்த தலைமுறை. வாகனத்தைக் கொண்டுபோய் விட்டேன். அவர் எஞ்சினையோ பிறேக்கையோ பார்க்கவில்லை, ஒரு சாக்கை விரித்துப் பின்பக்கம் கீழே போய்ப் படுத்தார். என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் கோல் மேலே போய், செசியில் இருக்கிற ஒரு சின்ன வால்வில் பூட்டியிருந்தது. விரல் தடிப்புக் கூட இல்லை, சேறு பிடித்துக் கிடந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கண்டதே இல்லை.

"இது பாரம் பாக்கிற கோல், தம்பி. பெட்டி பதிஞ்சால் இந்தக் கோல் மேல தள்ளும், அப்ப வால்வு திறந்து பின் பிறேக்குக்கு முழு எண்ணெயையும் விடும். பெட்டி எழும்பி நிண்டால், வாகனம் வெறுமை எண்டு நினைச்சுப் பின் பிறேக்கைக் குறைச்சுப் போடும், வெறும் வாகனத்தில பின்சில்லு பூட்டி வழுக்கக் கூடாதெண்டு. நீ காத்தடிச்சுத் தூக்கி வைச்சுக்கொண்டு அதுக்குப் பொய் சொல்லுறாய்."

இதைக் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. ஒன்றரைத் தொன் பாரம் பின்னால் இருக்க, வாகனம் தான் வெறுமை என்று நம்பிக்கொண்டு முன் பிறேக்கை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி எழுதியிருந்ததோ என்னவோ, நான் படம் மட்டும் பார்த்துப் பூட்டினவன். பழைய ஹைலக்ஸ் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே குனிந்து பாருங்கள், அந்தக் கோல் இருக்கிறதா, துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா என்று. பின்பக்கத்தை எதனால் உயர்த்தினாலும், காற்றுப் பையோ கூடுதல் வில்லோ எதுவானாலும், அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். தெரிந்த ஆளிடம் கொடுத்துச் செய்யுங்கள், கண்மட்டத்தில் முறுக்குகிற வேலை அல்ல. எங்களுடையதை ஐயா பாரம் ஏற்றிய உயரத்தில் வைத்து ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை அளந்து பார்த்துப் பூட்டினார், அரை நாள் எடுத்தது.

அவர் இன்னொன்றும் காட்டினார். வில்லு இருக்கும்போது பாரம் செசிக்குப் போவது இரண்டு இடத்தால், வில்லின் முன்முனையும் பின்முனையும். இரண்டுக்கும் இடையில் ஒரு மீற்றருக்கு மேல் தூரம். காற்றுப் பையோ நடுவில் ஒரே இடத்தில் நின்று மேலே தள்ளுகிறது. அதற்குள் பாரத்தையும் அச்சுக்குப் பின்னால் குவித்தால், நடுவில் முழங்காலைக் கொடுத்து ஒரு தடியை முறிக்கிற மாதிரித்தான். வெளிநாட்டில் டபிள் கப், இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப், வாகனங்களின் செசி இப்படி வளைந்த படங்களை மச்சானே பிறகு அனுப்பினான். டபிள் கப்பில் பெட்டியின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால்தான் இருக்கும், ஆகவே அவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு அப்பப்பாவின் மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. வண்டியில் வைக்கோலோ எருவோ ஏற்றும்போது அவர் வண்டிக்குப் பின்னால் நிற்கவே மாட்டார், முன்னுக்கு வந்து நுகத்தைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். பின்பாரம் என்றால் நுகம் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் என்றால் கழுத்தில் அழுத்தும், மாடு முழங்கால் மடிக்கும். இரண்டும் இல்லாமல் முன்னுக்கு ஒரு சொட்டுக் கூடுதலாக நிற்க வேண்டும், ஒரு மூடையை ஒரு சாண் முன்னால் தள்ளி வைப்பதற்காக மொத்தத்தையும் இறக்கி ஏற்றச் சொல்வார். எங்களுக்கு அப்போது சினம் வரும். பிக்கப்பில் மாடு இல்லை, தொண்டை இறுகுகிறது என்று சொல்ல ஆள் இல்லை, ஆனால் ஸ்ரேறிங் சொல்லும். பின்பாரம் கூடினால் ஸ்ரேறிங் பஞ்சு மாதிரி இலேசாகும், முன்சில்லு றோட்டைத் தொட்டும் தொடாமலும் போகிற மாதிரி ஒரு உணர்வு. அது இலேசாக இருப்பதை நான் சுகம் என்று நினைத்திருந்தேன்.

கணக்கு லேசு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் மூன்று மீற்றர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் 300 கிலோ வைத்தால் முன்சில்லிலிருந்து 100 கிலோ குறையும், பின் அச்சில் 400 கிலோ ஏறும். வைத்தது 300, பின்சில்லு சுமப்பது 400. இதுதான் பனஞ்சலாகை ஏற்றும்போது நடப்பது. பதினாறு அடிச் சலாகை, தீராந்தி எல்லாம் பின்கதவைத் திறந்து ஆறேழு அடி வெளியே நீட்டிக்கொண்டு சிவப்புத் துணி கட்டிப் போகும், வைரம் பாய்ந்த பனை என்றால் அதன் நிறை தூக்கினவனுக்குத்தான் தெரியும். அதற்குக் கபினுக்கு மேலால் முன்னுக்குப் போகிற மாதிரி ஒரு சட்டம் போட்டுச் சரித்து ஏற்றினால் பாரம் முன்னுக்கு வந்துவிடும், வில்லுக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை. மூடை என்றால் கபின் சுவரோடு அணைத்து முதலில் உயரமாக அடுக்கி, பின்னுக்கு வரவரத் தாழ்த்துங்கள். கடைசி ஒன்றரை அடி காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் நிறுத்துப் பாருங்கள். லொறியோடு நிறுக்கிற பெரிய தராசு உள்ள அரிசி ஆலை ஒன்றில் கேட்டு, முழு வாகனத்தை ஒருமுறை, முன்சில்லை மட்டும் தராசில் ஏற்றி ஒருமுறை, பின்சில்லை மட்டும் ஒருமுறை நிறுத்தேன். பழைய மாதிரி பின்னுக்கு நிரப்பி 20 மூடை ஏற்றியபோது, வெறும் வாகனத்தில் இருந்ததை விட முன்சில்லில் 90 கிலோ குறைவு. பாரம் ஏற்றியும் முன்பக்கம் இலேசாகியிருக்கிறது. ஆலைக்காரர் என்னை விட அதிகமாக ஆச்சரியப்பட்டார்.

தண்ணீர் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கோடையில் தீவுப்பகுதியில் தண்ணீர் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும், வேலணையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்கு நானும் 1,000 லீற்றர் தாங்கியை வைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். 1,000 லீற்றர் என்றால் 1,000 கிலோ, தாங்கியும் ஆளும் அதற்கு மேல். நிறையை விட மோசமானது அலை. பாரம் கூடிவிட்டதே என்று முக்கால்வாசி மட்டும் நிரப்பினேன், பண்ணைப் பாலம் தாண்டி ஒரு சைக்கிளுக்கு விலத்தினபோது தண்ணீர் ஒரு பக்கம் போய் அடித்துத் திரும்ப மற்றப் பக்கம் வந்தது, வாகனம் கூடவே ஆடியது. அரைகுறைத் தாங்கி முழுத் தாங்கியை விட ஆபத்து. 500 லீற்றர் தாங்கியை வாய்வரை நிரப்பி இரண்டு தரம் போங்கள்.

சரி, இவ்வளவும் போட்டால் ஒரு தொன் வாகனம் ஒன்றரைத் தொன் வாகனம் ஆகுமா? ஆகாது. இதைத்தான் நான் அந்தத் தம்பிக்குப் பிழையாகச் சொன்னேன். வில்லும் காற்றுப் பையும் வாகனத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அச்சு அதே அச்சு, சில்லுப் பேரிங் அதே பேரிங், பிறேக் சப்பாத்து அதே அளவு, கிளச் அதே கிளச், செசி முப்பது வயதுச் செசி. இவற்றில் எது மெலிந்ததோ அதுதான் அளவு. பின்பக்கம் பதிவது ஒரு விதத்தில் வாகனம் "போதும்" என்று சொல்கிற வாய். பதியாமல் செய்த பிறகு அந்த வாயும் இல்லை, அதனால் பூட்டினவன் தானாகக் கணக்குப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் உள்ள ஒரு தொன்னைப் பாதுகாப்பாக, நேராக, லைற் சரியாக விழ, வில்லு அடிபடாமல் கொண்டுபோக இவை உதவும். அதற்குப் போடுங்கள், நன்றாகப் போடுங்கள்.

உண்மையாகவே ஏற்றும் பாரத்தைக் கூட்டக்கூடிய வழி ஒன்று இருக்கிறது, வாகனத்தில் இருப்பதைக் குறைப்பது. எங்கள் பெட்டிக்கு மேலே படங்கு போட ஒரு இரும்புக் கூடு பற்றவைத்திருந்தது, கழற்றி நிறுத்தேன், 85 கிலோ. பின்னுக்கு லொறி மாதிரிப் போட்டிருந்த தடித்த இரும்பு பம்பர் 40. பெட்டிக்குள் எப்போதும் கிடக்கிற கப்பிக் கம்பி, பழைய பற்றறி, சங்கிலி என்று இன்னும் ஒரு 30. மொத்தம் 155 கிலோ, இரண்டு மூடைக்கு மேல். கூட்டை இப்போது நாலு போல்டில் கழற்றிப் பூட்டுகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறோம், நெல் நாளில் அது வீட்டுச் சுவரோடு சாய்ந்து நிற்கும். மூடைக்கு மேல் ஆள் ஏற்றுவதையும் நிறுத்தியாகிவிட்டது, பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறார்கள், அது பாரத்துக்காக மட்டும் அல்ல.

மிச்சத்துக்கு இன்னொரு தரம் போவதுதான். கோப்பாயிலிருந்து பரந்தன் போய்வர 120 கிலோமீற்றருக்குள், எங்களுடையது லீற்றருக்கு 10 ஓடும், ஆக 12 லீற்றர் டீசல். அந்தக் காசையும் ஒரு சி ரயரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. மணல், கல் என்றால் நான் இப்போது தொடுவதே இல்லை, ஊரில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியோ சின்ன லொறியோ வாடகைக்குப் பிடித்துவிடுவேன், அவர்களுக்கு அது தொழில், அந்த வாகனமும் அதற்கென்றே செய்தது.

இந்த வருடம் ஹெல்பர் ஸ்பிரிங் போட்டாயிற்று, காற்றுப் பையைக் கழற்றவில்லை, ஆனால் வாகனத்தை மட்டமாக்குகிற அளவுக்கு மட்டும்தான் காற்று, அதற்கு மேல் ஒரு இறாத்தலும் இல்லை. கோலின் அளவை ஐயா சொல்ல நான் கபின் கதவின் உட்புறத்தில் பெயின்றால் எழுதி வைத்திருக்கிறேன், இனி யார் வாங்கினாலும் தெரியட்டும் என்று. ஒரு தரத்துக்கு 13 மூடை, முன்னுக்கு இரண்டு பேர், அது 985 கிலோ. மூன்று தரம் ஓடினால் 39. மிஞ்சுகிற ஒரு மூடையை அத்தான் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாராம், தைப்பொங்கலுக்கு நாங்கள் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும் என்பது கட்டளை.